நாமம் இல்லாத யானை

திருவள்ளூரில் யானைக்குப் பஞ்சமில்லை. பிரம்மோற்சவம் வந்தால் எங்கிருந்தோ வாடகைக்கு ஒன்றை ஓட்டி வருவார்கள். ஏணி வைத்து ஏறி அதன் நெற்றியில் நாமம் சாத்துவார்கள். பத்து நாளும் அது வாகனத்துக்கு முன்னால் அசைந்து போகும், வாழைப்பழத்துக்குத் துதிக்கை நீட்டும், காசு கொடுத்தவன் தலையில் ஒரு தட்டு தட்டும். உற்சவம் முடிந்தால் நாமத்தைக் கழுவிவிட்டு அடுத்த ஊருக்குப் போய்விடும்.

கமலவல்லி கல்யாணமாகி வந்த நாளாகப் பார்ப்பது இந்த யானையைத்தான். அவளுக்கு வேண்டியிருந்தது வேறு. நெற்றியில் நாமமும் காலில் சங்கிலியும் இல்லாமல், யாருக்கும் சலாம் போடாமல், தன் பாட்டுக்குக் காட்டில் நின்று கிளையை முறித்துத் தின்கிற ஒரு யானை. ஒரு தடவை பார்த்தால் போதும். ஏன் என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. ஆசைப்படுவதற்குக்கூடக் காரணம் காட்ட வேண்டுமென்றால் அப்புறம் மனுஷியாகப் பிறந்து என்ன பிரயோஜனம்?

அவள் புருஷன் ஆராவமுதன் பெருமாள் கோயில் மடைப்பள்ளியில் தளிகை செய்கிறவர். விடிவதற்குள் அடுப்பு மூட்டப் போனால் உச்சி வேளைக்குக் கண் சிவந்து திரும்புவார். பதினெட்டு வருஷத்தில் பெண்டாட்டியை அவர் வெளியூர் அழைத்துக்கொண்டு போனது ஒரே ஒரு தடவை. அதுவும் குழந்தை வேண்டி திருப்புல்லாணிக்கு. குழந்தையும் பிறக்கவில்லை, ஊரையும் பார்த்தபாடில்லை.

அடுத்த வீட்டு மரகதவல்லியோ பத்ரிக்குப் போய் வந்தவள். அவள் புருஷன் அர்ச்சகர். தட்டில் விழுவது அவருக்கு, புகையில் வேகுவது ஆராவமுதனுக்கு. பத்ரியில் பார்த்த பனியை மரகதவல்லி இரண்டு வருஷமாகத் தெருவில் கொட்டிக்கொண்டிருந்தாள். அவள் வாயைத் திறந்தாலே கமலவல்லிக்கு வயிறு எரியும்.

ஆகையால் எழுபத்தேழாம் வருஷம் சித்திரையில் ஒரு நாள், "முதுமலைக்கு ஒரு டூர் பஸ் போறதாம். ஆறு நாள். காட்டுக்குள்ள யானையெல்லாம் பக்கத்துலயே வரதாம். நாம ரெண்டு பேரும் போறோம்" என்று ஆராவமுதன் சொன்னபோது, கமலவல்லி காதில் வாங்கிய அடுத்த நிமிஷமே மரகதவல்லி வீட்டு வாசலில் போய் நின்றாள். அன்று சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. பஸ் வந்து நிற்கிற தேரடிக்கே வந்து வழியனுப்புவதாக மரகதவல்லி சொன்னாள். பொறாமையை மறைக்க அவளுக்கு அதைவிட நல்ல வழி தெரியவில்லை.

சந்தேகப்படக் காரணங்கள் இருக்கத்தான் இருந்தன. பஸ் திருவள்ளூர் வழியாகத்தான் போகும். அப்படியிருக்க எதற்கு ரயில் மாறி ரயில் ஏறிக் கும்மிடிப்பூண்டிக்குப் போக வேண்டும் என்று அவள் கேட்டாள்.

"ஆரம்பத்துலயே ஏறினா நல்ல இடமாப் பாத்து உக்காரலாம்டி" என்றார் அவர்.

மூட்டை கட்டும்போது வெண்கலப் பானை வந்தது, உருளி வந்தது, சல்லிக்கரண்டி வந்தது, அண்டாச் சோற்றைக் கிளறுகிற ஆள் உயரத் துடுப்பு இரண்டும் வந்தன. "ரெண்டு பேருக்கு இவ்வளவு எதுக்குன்னா?" என்று கேட்டாள்.

"வெளியில கண்டவா பண்ணினதைச் சாப்பிட முடியுமா? நம்ம தளிகையை நாமதானே பண்ணிக்கணும்?"

வேறு வீட்டுப் பெண்ணாக இருந்தால் அந்தத் துடுப்பைப் பார்த்த மாத்திரத்தில் விஷயத்தைப் பிடித்திருப்பாள். கமலவல்லிக்கு அது தோன்றவில்லை. அவள் புருஷன் இந்த வயது வரை ஓட்டலில் ஒரு வாய் காப்பி குடித்தவர் இல்லை. சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போனாலும் சொம்பில் தீர்த்தம் எடுத்துக்கொண்டு போகிற குடும்பம். ஆசாரம் தலைக்கேறினால் பானைக்கும் கரண்டிக்கும் அளவு ஏது என்று நினைத்துக்கொண்டாள். பெருமையாகக்கூட இருந்தது.

கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனில் இறங்கியபோது அவர்களோடு ஒரு ரயில் கூட்டமே சாப்பாட்டுத் தூக்கோடு இறங்கித் தொழிற்சாலைகளைப் பார்க்க நடந்தது. காற்றில் சுட்ட இரும்பின் நெடி. மடிசாரும் கூடையுமாக நின்ற கமலவல்லியை இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவள் அதற்கும் நிமிர்ந்துதான் நடந்தாள். வேலைக்குப் போகிற கூட்டத்தில் தான் ஒருத்திதான் யானை பார்க்கப் போகிறவள் என்ற நினைப்பு அவளுக்கு.

பஸ் ஸ்டேஷன் பக்கத்திலேயே நின்றது. டூர் நடத்துகிற பரசுராமன் ஏதோ இரும்புக் கம்பெனியில் டைம் ஆபீஸ் குமாஸ்தா. கோடை வந்தால் லீவு போட்டுவிட்டு பஸ் பிடித்து ஜனங்களை ஊர் சுற்றிக் காட்டுவார். சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்துக்கொண்டிருந்தவர், ஆராவமுதனைப் பார்த்ததும், "வாங்க சாமி, உங்களுக்குத்தான் வெயிட்டிங்" என்று பஸ்ஸின் பின்பக்கம் தள்ளிக்கொண்டு போனார். "நீ போய் உக்காரு, நான் பாத்திரத்தையெல்லாம் பாத்து வெச்சுட்டு வரேன்" என்று ஆராவமுதன் சொல்லிவிட்டுப் போனார். அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

கமலவல்லி ஏறி, மூன்றாவது வரிசையில் ஜன்னலோரமாக உட்கார்ந்தாள். தேரடியில் நிற்கும்போது மரகதவல்லி கண்ணுக்கு நேரே வருகிற பக்கம் அதுதான்.

கொஞ்ச நேரத்தில் நைலக்ஸ் புடவையும் கழுத்து கொள்ளாத நகையுமாக ஒருத்தி வந்து நின்றாள். ஜன்னலைப் பார்த்தாள், கமலவல்லியைப் பார்த்தாள், சிரித்தாள்.

"இன்னா மாமி, ஜன்னலாண்ட குந்திக்கினியா? குந்து, குந்து. நான் இப்டி குந்திக்கிறேன்."

அவள் பெயர் பச்சையம்மா, பழவேற்காடு. புருஷன் தேசப்பன், இறால் ஏஜண்டு. அதோ, சிவப்புச் சட்டை. அப்பன் பாட்டன் எல்லாம் ஏரியில் வலை போட்டுக் காய்ந்தவர்கள்தான். இப்போது கம்பெனிக்காரன் ஐஸ் பெட்டியோடு கரைக்கே வருகிறான். "ஜப்பான்காரன் துன்றானாம் மாமி நம்ம எறாவ. அவன் துன்னட்டும், நாம ஊரு சுத்துவோம்" என்று சிரித்தாள். கேட்காமலே எல்லாம் சொல்லிவிட்டு, பையிலிருந்து கடலை உருண்டை ஒன்றை எடுத்து நீட்டினாள்.

"நாங்க வெளியில பண்ணினது எதுவும் சாப்பிடறதில்லை" என்றாள் கமலவல்லி.

"இது கடையில வாங்குனது மாமி."

"கடையும் வெளிதானே. அப்புறம் அந்தப் பையைக் கொஞ்சம் தள்ளி வெச்சுக்கோம்மா. என் கூடையில பெருமாள் பிரசாதம் இருக்கு. படப்படாது."

பச்சையம்மா தன் பையை எடுத்துக் காலடியில் வைத்துக்கொண்டாள். சிரிப்பு பாதியாகிவிட்டது. "அப்ப ஆறு நாளும் சோத்துக்கு இன்னா பண்ணுவ?"

"எங்களுக்கு நாங்களே பண்ணிப்போம். அதுக்குத்தான் பாத்திரமெல்லாம் கொண்டு வந்திருக்கோம்."

பச்சையம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு கமலவல்லியை மேலும் கீழும் ஒரு தரம் பார்த்துவிட்டு உருண்டையைத் தானே தின்ன ஆரம்பித்தாள்.

பூசணிக்காய் உடைத்து பஸ் கிளம்பியது. கவரைப்பேட்டை தாண்டியதும் முன் சீட்டிலிருந்து ஒரு அம்மாள் எழுந்தாள். ஆரோக்கியமேரி டீச்சர். பத்து பேரைச் சேர்த்துப் பார்த்தால் வகுப்பு எடுக்காமல் இருக்க முடியாத ஜாதி. "ஆறு நாள் ஒண்ணா இருக்கப் போறோம். ஒருத்தர் பேரு ஒருத்தருக்குத் தெரிய வேணாமா? ஒவ்வொருத்தரா எழுந்து பேரு, ஊரு, எதைப் பார்க்க ஆசைன்னு சொல்லுங்க" என்று கைதட்டினாள்.

எளாவூரில் லாரி செட் வைத்திருப்பவர் புலி பார்க்க வேண்டும் என்றார். இரும்புக் கம்பெனி போர்மேன் ஊட்டியில் குதிரை ஏற வேண்டும் என்றார். தேசப்பன், "தேசப்பன், பழவேற்காடு. ஊட்டுக்காரி இஸ்துகினு வந்துட்டா, எத்த காட்டுனாலும் பாக்குறேன்" என்றார். பஸ்ஸே சிரித்தது.

கமலவல்லியின் முறை வந்தது. நாலு பேர் முன்னால் எழுந்து நின்று பேசுவது அவளுக்கு அதுதான் முதல் தடவை. தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு நன்றாகவே பேசினாள்.

"நான் கமலவல்லி. திருவள்ளூர். ஆத்துக்காரர் பெருமாள் கோயில் மடைப்பள்ளியில கைங்கர்யம் பண்றார். காட்டு யானை பாக்கணும்னு எனக்கு ரொம்ப நாளா ஆசை. அதுக்காகத்தான் ரெண்டு பேரும் வந்திருக்கோம். ஒண்ணு மட்டும் சொல்லிடறேன், யாரும் தப்பா எடுத்துக்கப்படாது. நாங்க மத்தவா பண்ணினதைச் சாப்பிடறதில்லை. எங்களுக்கு யாரும் எதுவும் குடுக்கவும் வேண்டாம், வற்புறுத்தவும் வேண்டாம்."

தேசப்பன்தான் பதில் சொன்னார்.

"அதுக்கின்னா மாமி! எங்க கையால நீங்க துன்னவே வாணாம். உங்க கையாலதான நாங்க துன்னப் போறோம்!"

இந்தத் தடவை சிரிப்பு நிற்க வெகுநேரமாயிற்று. வேடிக்கை என்று நினைத்துக் கமலவல்லியும் சிரித்தாள். அதுதான் கொடுமை. பரசுராமன் எழுந்து கையமர்த்தினார்.

"திருவள்ளூர் அய்யங்கார் சாப்பாடுன்னு சொல்லித்தான இந்த வருசம் டிக்கெட்டே வித்தேன்! பெருமாளுக்கே சமைச்ச கை. சாமி சமையல், மாமி ஒத்தாசை. காலையில நாஷ்டாலேருந்து ராத்திரி சாப்பாடு வரைக்கும் அவங்க பொறுப்பு. மாமி, அந்த ஜன்னல் சீட்டு தேசப்பன் சம்சாரத்தோடது. தெரியாம குந்திட்டீங்க போல. உங்களுக்குப் பின்னால அரிசி மூட்டையாண்ட எடம் உட்டுருக்கேன்."

கமலவல்லி பச்சையம்மாவைப் பார்த்தாள். பச்சையம்மா ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். கூடையை எடுத்துக்கொண்டு, இரண்டு பக்கமும் ஆட்கள் உட்கார்ந்திருந்த அந்த நடுவழியில், ஆடுகிற பஸ்ஸில், கமலவல்லி பின்னால் நடந்தாள். யாரும் கேலி செய்யவில்லை. ஒருவர் மரியாதையாகக் காலைக்கூட மடக்கிக்கொண்டார். கேலி செய்திருந்தால் திருப்பிச் சொல்ல அவளுக்கு வாய் இருந்தது.

கடைசி சீட்டை எடுத்துவிட்டு அங்கே மூட்டைகளை அடுக்கியிருந்தார்கள். ஆராவமுதன் அண்டாவுக்கும் எண்ணெய் டின்னுக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தார். அவள் அரிசி மூட்டைமேல் உட்கார்ந்தாள்.

"என்னன்னா இது?"

"யானை பாக்கணும்னு நீதானே சொன்னே."

"சமையக்காரியா வரேன்னு சொன்னேனா?"

"டிக்கெட் வாங்க என்னண்ட ஏதுடி? எனக்குத் தெரிஞ்சது அடுப்பு ஒண்ணுதான். அடுப்பைக் காட்டி அழைச்சிண்டு போறேன்."

"என்னண்ட சொல்லியிருக்கலாமே."

"சொன்னா வந்திருப்பியோ?"

வந்திருக்க மாட்டாள். அது அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். அதனாலேயே இன்னும் கோபம் வந்தது. "பெருமாளுக்குப் பண்ற கை, மனுஷாளுக்குக் கூலிக்குப் பண்ணாதுன்னு ஊரெல்லாம் சொல்லிண்டு திரிவேளே, அது என்னாச்சு?"

"பெருமாள் உனக்கு யானை காட்டலையேடி" என்றார் ஆராவமுதன்.

அதற்குமேல் அவளால் திட்ட முடியவில்லை. தனக்காக மனுஷன் தன் ஒரே பெருமையையும் விற்றிருக்கிறார் என்பது உறைத்தது. உறைத்ததும் ஆறுதலாக இல்லை, பாரமாகத்தான் இருந்தது. சரி, ஆகட்டும். நாற்பது பேருக்கு வடித்துக் கொட்டலாம். ஆறு நாள் இடுப்பு ஒடிந்தால் ஒடியட்டும். யானையைப் பார்த்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும். அவளே பரசுராமனைக் கூப்பிட்டுக் கேட்டாள்.

"முதுமலைல காட்டுக்குள்ள எப்படிப் போறது? இந்த பஸ்லயேவா?"

"இது உள்ள போவாது மாமி. பாரஸ்ட்காரங்க வேன் இருக்குது. விடிகாலையில டிக்கெட்டுக்காரங்கள அதுல ஏத்தி அனுப்பிச்சுடுவேன்."

"நாங்களும்?"

பரசுராமன் அவளையும் ஆராவமுதனையும் மாறி மாறிப் பார்த்தார். நிஜமாகவே புரியாதவர்போலப் பார்த்தார். "வேன்ல சீட்டு டிக்கெட்டுக்காரங்களுக்குத்தான் மாமி. நீங்களும் போய்ட்டா, அவங்க பசியோட திரும்பி வந்தா யாரு குடுக்கறது? குளிர்ல வருவாங்க. பொங்கலும் காப்பியும் சூடா இருக்கணும்."

"நீங்க ரெண்டு பேரும் வரலாம்னு சொன்னேளே" என்றார் ஆராவமுதன்.

"வரலாம்னேன் சாமி. வந்துக்கினுதான கீறீங்க?"

பரசுராமன் முன்னால் போய்விட்டார். ஆராவமுதன் துடுப்பை எடுத்துக் காரணமில்லாமல் அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் வைத்தார். அவரையும் ஏமாற்றியிருக்கிறார்கள். பாவம் என்று சொல்ல அவளுக்கு மனசில்லை. ஒரு பொய்யைச் சொல்லத் தெரிந்தவருக்கு அதை ஒழுங்காக விசாரித்துக்கொண்டு சொல்லத் தெரியவில்லையே என்றுதான் எரிந்தது.

"நான் தேரடியில இறங்கிடறேன்" என்றாள்.

அவர் துடுப்பை மறுபடி பழைய பக்கமே எடுத்து வைத்தார்.

பெரியபாளையம் போய்விட்டது. இறங்கிவிடுவதென்றால் இறங்கிவிடலாம். ஆனால் தேரடியில் மரகதவல்லி நிற்பாள். தனியாக நிற்க மாட்டாள், தெருவையே கூட்டிக்கொண்டு நிற்பாள். பஸ்ஸிலிருந்து கூடையோடு இறங்கினால் ஏன் என்று கேட்பாள். இறங்காவிட்டால் எங்கேடி உட்கார்ந்திருக்கிறாய் என்று எட்டிப் பார்ப்பாள். பத்ரியில் பனி பார்த்தவளுக்கு இனி ஆயுசுக்கும் பேச விஷயம் கிடைக்கும். இறங்கினாலும் போயிற்று, இருந்தாலும் போயிற்று. கமலவல்லிக்குக் கண்ணில் நீர் முட்டியது. அழுதால் முன்னால் இருப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"திருவள்ளூர் தேரடியில ரெண்டு பேரு ஏறணும்" என்று பரசுராமன் டிரைவருக்குச் சொன்னது பின்னால் வரை கேட்டது. உடனே பச்சையம்மா கம்பியைப் பிடித்துப் பிடித்துப் பின்னால் வந்தாள்.

"தேரடின்னா உங்க தெருவாண்டயா மாமி? ஜனங்க வந்து நிக்குமா?"

கமலவல்லி தலையை மட்டும் அசைத்தாள்.

"வா. வந்து ஜன்னலாண்ட குந்திக்கோ. ஊரு தாண்ற வரைக்கும்தான். அப்பால எய்ந்துடணும். டப்பு குட்த்து வாங்குன சீட்டு, ஆறு நாளும் குடுக்க மாட்டேன்."

இனிப்பாக ஒரு வார்த்தை இல்லை. அதனால்தானோ என்னவோ கமலவல்லியால் எழுந்து போக முடிந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்து முகத்தைத் துடைத்து, குங்குமத்தைச் சரிசெய்துகொண்டாள். பச்சையம்மா உட்காரவில்லை. பிரசாதக் கூடை பக்கத்து சீட்டில் இருந்தது. அதன்மேல் பட்டுவிடக் கூடாதென்று தள்ளி, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

தேரடியில் பஸ் நின்றது. ஏற வேண்டிய இரண்டு பேரும் முன்பக்கம் ஏறினார்கள். நினைத்தபடியே மரகதவல்லி நாலைந்து பெண்களோடு காத்திருந்தாள். ஜன்னல் வழியாக ஒரு முழம் மல்லிகையும் கல்கண்டுப் பொட்டலமும் நீட்டினாள்.

"ஜன்னல் சீட்டாடி! கொடுத்து வெச்சவ நீ. ஆராவமுதன் எங்கே?"

"பின்னாடி சாமானைப் பாத்துண்டிருக்கார்."

"நன்னா பாத்துட்டு வந்து ஒண்ணு விடாமச் சொல்லணும்." சொல்லிக்கொண்டே மரகதவல்லியின் கண் பஸ்ஸுக்குள் போயிற்று. நின்றுகொண்டிருந்தவள்மேல் நிலைத்தது. "அது யாருடி, உன் பக்கத்துல நிக்கறாளே?"

கூட வருகிறவள் என்று சொல்லியிருக்கலாம். எதுவும் சொல்லாமல்கூட இருந்திருக்கலாம். ஆனால் ஏன் நிற்கிறாள், அவள் சீட்டு எங்கே, உன் சீட்டு எங்கே என்று மரகதவல்லி ஒவ்வொரு முடிச்சாக அவிழ்த்துவிடுவாள் என்ற பயம் முந்திக்கொண்டது.

"பாத்திரம் தேய்க்க வந்திருக்கா" என்றாள் கமலவல்லி.

"கழுத்துல அவ்வளவு போட்டுண்டா?"

"எல்லாம் கவரிங்."

மரகதவல்லி திருப்தியாகத் தலையசைத்தாள். பச்சையம்மாவின் கை கழுத்துச் சங்கிலிக்குப் போய் அதைப் பிடித்துக்கொண்டது. அவள் நினைத்திருந்தால் ஒரு வார்த்தையில் தேரடியைச் சிரிக்க வைத்திருக்கலாம். வாயைத் திறக்கவில்லை. பரசுராமன் விசில் கொடுத்தார். பெண்கள் கையசைத்தார்கள். கமலவல்லியும் பஸ் திரும்புகிற வரைக்கும் கையசைத்தாள்.

ரயில்வே கேட் தாண்டியதும், யாரும் சொல்லாமலே அவள் எழுந்தாள். கூடையை எடுத்துக்கொண்டாள். பச்சையம்மா ஜன்னலோரம் நகர்ந்து உட்கார்ந்து, பையைக் காலடியிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். சீட்டில் மல்லிகை கிடந்தது. அதை இரண்டு விரலால் எடுத்து நீட்டினாள்.

"உன் பூவு மாமி."

கமலவல்லி வாங்கிக்கொண்டாள்.

"பாத்திரம் தேய்க்க பரசுராமன் யாரையும் இட்டுனு வர்ல. உன் ஊட்டுக்காரராண்ட கேட்டுக்கோ. அத்தையும் நீதான் தேய்க்கணும்." பிறகு ஜன்னல் பக்கம் திரும்பியவள், திரும்பியபடியே சொன்னாள். "எனக்கு காப்பில சக்கரை தூக்கலா இருக்கணும்."

கமலவல்லி பின்னால் போய் அரிசி மூட்டைமேல் உட்கார்ந்தாள். அவள் இறங்கவில்லை என்பதை ஆராவமுதன் அப்போதுதான் நம்பினார் போலிருக்கிறது. மதியச் சமையலுக்காகத் துவரம்பருப்பை முறத்தில் கொட்டிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தவர், அவளுக்கும் இடம் விட்டு முறத்தை நகர்த்தினார்.

"மரகதவல்லி என்ன சொன்னா?" என்று கேட்டார்.

"யானையைப் பாத்துட்டு வந்து ஒண்ணு விடாமச் சொல்லச் சொன்னா."

அவர் கை நின்றது. "என்ன சொல்லப் போறே?"

கமலவல்லி ஒரு கல்லைப் பொறுக்கி வெளியே எறிந்தாள்.

"பாத்தேன்னு சொல்லப் போறேன். நெத்தியில நாமம் இல்லை, கால்ல சங்கிலி இல்லைன்னு சொல்லப் போறேன். எனக்கும் பொய் சொல்ல வரும். நீங்க பருப்பைப் பாருங்கோ."